கியாய்களும் ஒரு தேவாலயமும்

மதரசா வாத்தியார்னாலே நம்மில் சிலருக்கு ஒரு பயம். அவங்க இந்தோனேசியா பக்கம் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே மதம் சொல்லித்தரும் உறைவிடப் பள்ளிக்கு பெசாந்த்ரென்னு பேர், ஆசிரியர் 'கியாய்'. மாணவர்களுக்கு கியாய் சொன்னா வேதவாக்கு.

கிழக்கு ஜாவாவில் 1899-ல் தெபுயிரெங் பெசாந்த்ரெனைத் தொடங்கினவர் ஹாசிம் அஷாரி. அவரோட பேரன் அப்துர்ரஹ்மான் வாஹித், செல்லமா குஸ் துர், அங்கேயே பாடம் நடத்தினவர். 1984-ல் சிதுபொந்தோவில் ஒரு பெசாந்த்ரெனில் நடந்த மாநாட்டில்தான் நஹ்தத்துல் உலமா அமைப்புக்குத் தலைவரானார்.

அதே சிதுபொந்தோவில் 1996-ல் கலவரக் கும்பல் தேவாலயங்களைக் கொளுத்தியது. குஸ் துர் கிறிஸ்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். (கொளுத்தினது அவர் இல்லீங்க!) அமைப்பின் இளைஞர்களை தேவாலயக் காவலுக்கும் அனுப்பினார்.

2000 டிசம்பர் 24, மொஜோகெர்த்தோ. அப்படிக் காவல் நின்ற ரியாந்தோவுக்கு 25 வயசு. தேவாலயத்தில் இருந்த குண்டை வெளியே எடுத்துட்டுப் போனார். அது வெடிச்சு இறந்துட்டார். உள்ளே ஜெபத்துக்கு வந்தவங்க தப்பிச்சாங்க.