பவர் பார் எல்லாம் பாதுகாப்புத் தராது

2013 டிசம்பரில் உறைமழை ரொறன்ரோவை மூடியபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தன. எங்கள் வீட்டிலும் இருள். கரண்ட் திரும்பி வந்தபோது ரி.வியும் இன்ரநெற் மோடமும் உயிர் விட்டிருந்தன. இரண்டையும் பவர் பாரில்தான் செருகியிருந்தோம். காப்புறுதியில் கேட்கலாம் என்று பார்த்தால், நாங்கள் கையிலிருந்து போடவேண்டிய தொகை நட்டத்தைவிடக் கூட.

பிழை என்னுடையதுதான். மலிவாகக் கிடைக்கும் பல பவர் பார்கள் ஒரு துளையை ஆறாக்குமே தவிர வேறொன்றும் செய்யா. வாங்கும்போது பெட்டியில் ‘சேர்ஜ் புரொட்டெக்டர்’ என்ற சொல்லும் யூல் கணக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடிமின்னலின்போதும், நின்ற மின்சாரம் திரும்பும்போதும், ஏசி போன்றவற்றின் மோட்டார் நிற்கும்போதும் வோல்ற்றளவு ஒரு கணம் எகிறக்கூடும். அதுதான் சேர்ஜ். புரொட்டெக்டருக்குள் இருக்கும் நாக ஒட்சைட்டு வில்லைகள் வழமையான வோல்ற்றில் சும்மா இருக்கும்; எல்லை தாண்டினால் மிகுதியை எர்த் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் திருப்பிவிடும். பழைய வீடுகளில் இரண்டு துளை மட்டுமுள்ள பிளக்கில் எர்த் இல்லை. அங்கே இதன் பாதுகாப்பு அரைகுறைதான்.

ஒவ்வொரு அடிக்கும் அந்த வில்லைகள் தேயும். கணக்காளர் பாஷையில் பெறுமானத் தேய்வு. யூல் எண்தான் கையிருப்பு, ரி.வி, கணினிக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். கையிருப்பு தீர்ந்த பின்னும் பல பார்களில் கரண்ட் வரும், ரி.வி ஓடும், காவல் மட்டும் இருக்காது. ‘புரொட்டெக்டட்’ என்ற சிறு விளக்கு அணைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பெட்டியில் 330, 400, 500 என்று வோல்ற் எண்ணும் இருக்கும். குறைந்த எண்ணே நல்லது. ஹீற்றரை மட்டும் எந்தப் பாரிலும் செருகாதீர்கள், தீப்பிடிக்கும்.

பக்கத்தில் விழும் மின்னலுக்கு எந்தப் பாரும் நம்பிக்கையில்லை. புயல் வருமுன் பிளக்கைக் கழற்றுங்கள், கேபிள் வயரையும் சேர்த்து. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். முழு வீட்டுக்கும் பனலில் பூட்டும் கருவியும் உண்டு. ஒன்ராறியோவில் அந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரரிடமே கொடுக்கவேண்டும்.

ஊருக்குப் போவோர் கவனிக்க: இங்கே 120 வோல்ற், யாழ்ப்பாணத்தில் 230. லப்ரொப் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அது அங்கும் வேலை செய்யும். அதை நம்பி இங்கத்தைய சேர்ஜ் பாரையும் பெட்டியில் வைத்துவிடுகிறோம். 120க்கென்று செய்த வில்லைகளுக்கு 230 என்பது ஓயாத சேர்ஜ், சூடேறி எரிந்துவிடும். பயண அடாப்ரர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றை அல்ல. அம்மா அப்பா வீட்டுக்குத் தேவையென்றால், 230 வோல்ற் என்று அச்சிட்டதை அங்கேயே வாங்கிக் கொடுங்கள்.