விதைத்தால்தான் குற்றம்

எங்க மதுரைல 'கஞ்சா' என்றால் பேப்பரில் வரும் கிலோ கணக்குதான். அதற்கு முன்னால் அது ஒரு பயிர்.

1785இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க், இந்தியாவிலிருந்து சொன்னெரா கொண்டுபோன செடியை வைத்து, இது ஐரோப்பாவின் நார்ச்செடி இல்லை என்று 'கன்னாபிஸ் இண்டிகா' எனப் பெயர் சூட்டினார். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது நம்ம வெயிலும், தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்த விவசாயிகளும். 1893–94இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 சாட்சிகளைக் கேட்டது. முழுத் தடை தேவையில்லை என்றது.

லமார்க் பெயர் வைத்து சரியாக 200 வருஷம் கழித்து, 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அதில் ஒரு விசித்திரம்: பூமுனை சேராத விதை, சட்டப்படி 'கஞ்சா' அல்ல. அதையே அனுமதியில்லாமல் மண்ணில் ஊன்றிச் செடி வளர்த்தால் குற்றம்.

நான் எழுதும் கோடை பத்து வருஷம் கழித்தும் ஓட்டிப் பார்க்கலாம். நாட்டு விதை அப்படியில்லை. டப்பாவிலேயே கிடந்தால் சில வருஷத்தில் முளைப்புத் திறன் போய்விடும். போதையைத் தடுக்க அரசுக்குக் காரணம் இருக்கிறது, அதை மறுக்கலை. ஆனா அந்த 1,193 பேரின் வாக்குமூலம் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் பேசிய செடியை அப்படிக் காகிதத்தில் காப்பாற்ற முடியாது.