கைகளால் சைக்கிள் சுழற்றிய வீராங்கனை



முழங்கால் நோவினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, உடற்பயிற்சி நிலையத்தில் சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் எனக்கு ஜோன் பெனோய்ட்டின் நினைவு வரும்.

1984இல்தான் பெண்களுக்கான மரதன் ஓட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கத் தெரிவுப் போட்டி மே 12இல். அதற்கு 17 நாட்களே இருக்கையில், ஏப்ரல் 25இல், ஜோனின் வலது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. ஓட முடியாது, சும்மா இருந்தாலோ இருதயமும் சுவாசமும் பயிற்சியை இழந்துவிடும். ஆகவே அவர் உடற்பயிற்சிச் சைக்கிளைக் கைகளால் சுழற்றினார். கால் ஓய்ந்திருக்க, இருதயம் வேலை செய்தது. காயப்பட்ட ஓட்டக்காரர்கள் இன்று இயந்திரங்களில் செய்வதும் இதைத்தான்.

மீண்டும் ஓடத் தொடங்கிய அவசரத்தில் இடது காலின் பின்தொடைத் தசையும் நொந்துபோனது. அதற்கும் சிகிச்சை பெற்று, தெரிவுப் போட்டியில் 2 மணி 31 நிமிடம் 4 செக்கனில் முதலாவதாக வந்தார். ஓகஸ்ட் 5இல் லொஸ் ஏஞ்சலீசில் 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் தங்கப் பதக்கமும் வென்றார்.

எல்லோரும் 17 நாட்களில் ஓடிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. வைத்தியரைக் கேட்டே எதையும் செய்யுங்கள். ஆனால், கால் நின்றதும் எல்லாமே நின்றுவிட்டதென்று மட்டும் சோர்ந்துவிடாதீர்கள்.