யாழுக்கு விரல் தந்தவர்

நூல் அரங்கேற்றம் தமிழருக்குப் புதியதன்று. புலவர் படிப்பார், சபை கேட்கும், ஐயம் எழுப்புவார் எழுப்புவர், பிறகு பொன்னாடை. ஆனால் 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறிய நூலைப் படித்துக் காட்டினால் மட்டும் போதாது, இசைத்தும் காட்டவேண்டும். நூல், எங்கள் மட்டக்களப்பு மண் தந்த சுவாமி விபுலாநந்தரின் 'யாழ்நூல்'. இசைத்துக் காட்டியவர் க. பொ. சிவானந்தம் பிள்ளை. 1917இல் பிறந்தவர், வீணையில் வளர்ந்து வந்துகொண்டிருந்த இளங்கலைஞர்.

அடிகளாரைப் பற்றி இங்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன், விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்து, 1924இல் துறவு பூண்டார். அவர் பிறந்த நாட்டிலே நீரும் பாடும் என்பார்கள். நிறைநிலாக் காலத்தில் கல்லடிப் பக்கம் வள்ளத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தால் நரம்பு அதிர்வது போன்ற ஒலி கேட்கும். பாடுவது மீன் அல்ல, ஊரி என்று சொன்ன மீனவரும் உண்டு. 1859இல் வெளிவந்த தம் நூலில் எமர்சன் ரெனன்ற் இதை வியந்து எழுதினார். அடிகளாரோ அந்த ஒலிக்கு 'நீரரமகளிர்' என்ற உருவம் கொடுத்தார். வாவியின் பாட்டுத்தான் அவரை யாழாராய்ச்சிக்கு இழுத்தது என்று அறுதியிட்டுக் கூற நான் துணியேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு வாத்தியத்தைக் காதுகொடுத்துத் தேடும் பொறுமை அந்தக் கரையில் வளர்ந்தவருக்கு இயல்பாயிருந்திருக்கும் என்றுமட்டும் நினைக்கிறேன்.

தேடிய இடம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. பன்னிரண்டு வயது மாதவி, ஆடலாசானும் யாழாசானும் குழலாசானும் சூழ முதன்முறை மேடையேறும் கதை அது. அதில் யாழாசிரியனைக் கூறும் இருபத்தைந்து அடிகளே அடிகளாரின் பேராராய்ச்சிக்கு வித்து. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகாரர் எழுதி வைத்தார்கள். வாத்தியம்தான் இல்லை. மீட்டக் கற்றுத்தர ஓர் ஆசானும் இல்லை. அடிகளார் நரம்பின் நீளத்தைக் கணக்காகப் போட்டார். பாலைகளையும் பண்களையும் எண்களால் மீட்டெடுத்தார். பதினான்கு ஆண்டு உழைப்பு என்பர்.

கணக்கு சரியா என்பதை யார் சொல்வது? காகிதத்தில் எந்தச் சுரமும் பிசகாது. நரம்பைக் கட்டி விரல் வைத்தபின்தானே உண்மை தெரியும்!

இங்கேதான் எதிர்பாராத ஒரு கூட்டு அமைகிறது. சிவானந்தம் பிள்ளை, முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கரான தஞ்சை நால்வரின் வழித்தோன்றல். தந்தை பொன்னையா பிள்ளை 1933இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். அடிகளாரும் 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இருந்தாலும், கருநாடக இசையின் ஆணிவேரான குடும்பத்துப் பிள்ளை, வீணையின் வருகையோடு வழக்கிழந்தது என்று பலரும் சொல்லும் யாழைக் கையில் எடுப்பார் என்று யார் நினைத்திருப்பார்? வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரே தந்தியை அழுத்தியும் இழுத்தும் பல சுரங்களைப் பிறப்பிக்கலாம்; கமகம் அங்கேதான் உயிர்கொள்கிறது. பழைய யாழிலோ ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. கணக்கு தவறியிருந்தால் விரல் மறைத்துக் காப்பாற்ற முடியாது.

அரங்கேற்றத்துக்குத் தேர்ந்த தலமும் பொருத்தமானது. வெள்ளம் பெருகிய ஆற்றில் ஓடக்காரர் இல்லாதபோது, சம்பந்தர் பாடப் பாட ஓடம் கரைசேர்ந்தது என்று சொல்லும் ஊர் அது. வாவிக்கரையிலிருந்து போனவருக்கு இதைவிட நல்ல கரை கிடைத்திருக்குமா? கணக்கின்படி செய்வித்த யாழ்களை ஏந்தி அன்பர்கள் ஊர்வலமாகக் கோயிலுக்குள் சென்றனர். சிவானந்தம் பிள்ளை மீட்டினார். நூல் ஒலியாயிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது.

நம் கட்டுரையாளர்கள் அடிகளாரின் புகழை விரித்து எழுதும்போது மீட்டியவரின் பெயரை ஒரு வரியில் கடந்துபோவதுண்டு. அது நியாயமாக எனக்குப் படவில்லை. புகழ்பெற்ற பாடகருக்கு அருகே அமரும் இளம் பக்கவாத்தியக்காரர், பாடகர் சறுக்கினாலும் தாம் தப்பலாம். இந்த இளைஞரோ, ஒரு பேரறிஞரின் வாழ்நாள் உழைப்பைத் தம் பத்து விரல்களில் தாங்கினார்.

ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19ஆம் நாள், அடிகளார் கொழும்பில் மறைந்தார். அவருடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையில், அவரே உருவாக்கிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. யாழ்நூலின் இரண்டாம் பதிப்பு வர 1974 ஆயிற்று. சிவானந்தம் பிள்ளை தம் வீணைக்கே திரும்பினார். மனைவி சாரதாவும் அவரும் இணைந்து வாசித்த கச்சேரிகளை இசையன்பர் நெடுங்காலம் கேட்டனர். 2003இல் அவரும் காலமானார்.