மலிவு மதுவின் மதிப்பு

புயல் தள்ளிற்று, கப்பல் ஒதுங்கிற்று, புதுமது பிறந்தது! சிசிலித் தீவின் மர்சாலா மதுவுக்கு இப்படி ஒரு பிறப்புக் கதை சொல்வர். புயலா அதைப் படைத்தது?

1773ஆம் ஆண்டு, லிவர்பூல் வணிகர் ஜான் வுட்ஹவுஸ் மர்சாலா ஊரில் மது வாங்கினார். பழைய மது எஞ்சிய பீப்பாயிலேயே ஆண்டுதோறும் புதியதை ஊற்றி முதிரவைக்கும் முறையை அவ்வூரார் முன்பே அறிந்திருந்தனர். கடற்பயணத்தில் கெடாதிருக்க, அவர் அதில் திராட்சைச் சாராயம் கலந்தார். சாராயச் செறிவு உயர்ந்தால் கிருமிகள் பெருகா, மது காடியாகாது. இதில் அதிசயம் எங்கே? உழவரின் அனுபவமும் வணிகரின் கணக்கும் கைகோத்தன, அவ்வளவே!

1800இல் நெல்சன் தம் கடற்படைக்கு அம்மதுவை வாங்கினார். பெயர் ஊருக்கு, உழைப்பு உழவருக்கு. ஆதாயமோ ஆங்கில வணிகருக்கு! 1833இல்தான் வின்சென்சோ புளோரியோ என்னும் இத்தாலியர், ஆங்கிலேயரின் மதுக்கிடங்குகளுக்கு இடையிலேயே தமது ஆலையை எழுப்பினார்.

வென்றது உள்நாட்டு முதலீடு. எனினும் பின்னாளில் ஊரின் பெயரை உள்நாட்டாரே மலிவாக்கினர். முட்டை, காப்பி கலந்த இனிப்புச் சரக்கெல்லாம் மர்சாலா எனப்பட்டது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் அக்கலவைகளுக்கு அப்பெயரைத் தடுத்தது.

இன்றும் அது கோழிக்கறிக்குச் சுவைகூட்டுகிறது. முட்டை மஞ்சட்கருவுடன் சேர்ந்து சபயோன் இனிப்பாகிறது. சிறு கோப்பையில் பருகவும்படுகிறது. அடுக்களைச் சரக்குதானே என்று அதை அலட்சியப்படுத்துவோர் உண்டு. விலை குறைந்த பொருளாயினும், அதன் பின்னே நின்ற கைகளின் உழைப்புக் குறைந்ததாகுமோ? புயலைப் புகழ்ந்தது போதும். பீப்பாயை நிரப்பியவனைத் தேடுவோம்!