மூடுபனி மலையும் நம்மவர் அடிச்சுவடும்

வத்தல்மலையையும் தீர்த்தமலையையும் அண்டி வாழும் தருமபுரி மக்களாகிய நமக்கு மலைகள் புதியவை அல்ல. ஆயினும் கடல் கடந்து இலங்கை சென்று, மூடுபனி சூழ்ந்த சிவனொளிபாத மலையில் ஏறித் திரும்புவோர் அதனை வியந்து பேசக் கேட்கின்றோம். 2,243 மீட்டர் உயர்ந்த அம்மலையின் வரலாறு நம் வட்டாரத்தையும் தொட்டு நிற்கிறது.

அதன் உச்சிப் பாறையில் காலடி போன்றதொரு பள்ளம் உண்டு. பௌத்தர் அதனைப் புத்தரின் திருவடி என்பர்; சைவர் சிவபெருமானின் பாதம் என்பர்; இசுலாமியர் ஆதிமனிதர் ஆதாமின் காலடி என்பர். போர்ச்சுகீசியர் வந்த பின், அது திருத்தூதர் தோமையாரின் அடிச்சுவடு என்று கருதிய கிறிஸ்தவர்களும் இருந்தனர். 1344இல் இம்மலையில் ஏறிய அரபுப் பயணி இபின் பதூதா, செங்குத்தான பாறையில் பற்றி ஏற 10 இரும்புச் சங்கிலிகள் இருந்தன என்கிறார். இறுதிச் சங்கிலியைப் பற்றியவர் கீழே நோக்கியதும் அச்சத்தால் தம் விசுவாச அறிக்கையை உச்சரிப்பாராம்!

சில ஆண்டுகளுக்குப் பின் நம் திருச்சபையின் மகன் ஒருவரும் அந்நாட்டை அடைந்தார். திருத்தந்தை 12ஆம் பெனடிக்ட் சீனப் பேரரசரிடம் தூது அனுப்பிய பிரான்சிஸ்கன் துறவி ஜான் மரிஞோல்லியே அவர். தாயகம் திரும்பும் வழியில் இலங்கையில் சிறைப்பட்டவர் போல் தடுக்கப்பட்டு, கொண்டுவந்த செல்வங்களையும் இழந்தார். மேகம் மூடிய அச்சிகரம், ஒருநாள் கதிர் எழுமுன் இறையருளால் தீப்பிழம்பென ஒளிர்ந்ததைக் கண்டதாக அவர் எழுதினார். அவ்விடத்திலிருந்து இன்ப வனம் 40 மைல் தொலைவே என்ற செய்தியையும் குறித்து வைத்தார்.

இன்று யாத்திரிகர் மார்கழி முதல் வைகாசி வரை, நல்லதண்ணி ஊரிலிருந்து இரவில் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான படிகள் ஏறி உச்சியில் விடியலைக் காண்கின்றனர். பனி விலகியதும் கீழே கண்ணுக்கு விருந்தாவன தேயிலைத் தோட்டங்கள். அன்பர்களே, அப்பசுமையை உண்டாக்கிய கைகள் யாருடையவை?

19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும், தமிழகத்து ஏழைகளைக் கங்காணிகள் திரட்டிச் சென்றனர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளோடு சேலம் மாவட்டத்தாரும் அவர்களுள் இருந்தனர். 1965 வரை நம் தருமபுரியும் அச்சேலம் மாவட்டத்தின் பகுதியே. தலைமன்னாரிலிருந்து காட்டுவழி நடந்த அம்மக்களுள் பலர் காலராவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் மலைச்சரிவு லயங்களில் ஒற்றை அறைகளில் குடும்பமாய் ஒடுங்கினர்.

அவர்கள் உழைத்த நாடு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களைக் குடியுரிமை அற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. உற்றார் பிரிந்தனர். இலங்கையில் தங்கியோரின் குடியுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பெருமளவு தீர்வு கண்டது. இங்கு வந்தோருள் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடை சுமந்தனர்.

உச்சியில் பதிந்த அடிச்சுவடு எவருடையது என்று பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்தோர் உண்டு. சரிவில் நடந்து தேய்ந்த அடிகள் எவருடையவை என்று கேட்டோர் மிகச் சிலரே. மலைமீது போதித்த நம் ஆண்டவர் முதலில் பேறுபெற்றோர் என்றது ஏழைகளையே. ஆகவே இலங்கை செல்லும் நம்மவர், சிகரத்தின் விடியலைக் கண்டு இறைவனைப் போற்றட்டும். இறங்கும் வழியில் லயத்து வாசலில் நின்று, அம்மக்களிடம் ஊர் எது, உறவு எது என்றும் வினவட்டும். விடையில் நம் பக்கத்து ஊர்ப் பெயரே காதில் விழக்கூடும்.