ரெய்னி ஆஸ்பத்திரியும் தொட்டுப் பார்த்த கைகளும்



ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நாட்களில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது பல வருடங்கள் என் வேலையாக இருந்தது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் என்றால் பிறந்த இடம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஆர்.எஸ்.ஆர்.எம்., இல்லாவிட்டால் ரெய்னி. ஆங்கிலம் கொஞ்சம் படித்துவிட்ட ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "மழை நாள்ல பொறந்தாதான் அங்க சேத்துப்பாங்களா சார்?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். அந்த ஆஸ்பத்திரியில் பிறந்து, அங்கேயே பிள்ளையும் பெற்றவர்களிடம் ரெய்னி யார் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பார்கள்.

ரெய்னி ஓர் அம்மையாரின் பெயர். கிறிஸ்டினா ரெய்னி, ஸ்காட்லாந்து தேசத்தவர். அங்கிருந்த சுயாதீனத் திருச்சபையின் பெண்கள் மிஷன் சங்கத்தில் செயலாளராக இருந்து, இந்தியாவுக்குப் பெண் மருத்துவர்களையும் ஆசிரியைகளையும் அனுப்பப் பாடுபட்டவர். ஆனால் ராயபுரத்தில் வேலை செய்தவர் அவர் இல்லை. அந்தப் பெருமை மெட்டில்டா மக்ஃபெயில் என்ற டாக்டரம்மாவுக்கு உரியது. ஸ்கை என்ற தீவில் பிறந்து, லண்டனில் பெண்களுக்காகவே தொடங்கப்பட்டிருந்த மருத்துவப் பள்ளியில் படித்து, 1888இல் மதராசுக்கு வந்தார். ஒரு வீட்டில் சின்ன மருந்தகமாகத் தொடங்கிய வேலை, 1914இல் சொந்தக் கட்டடத்தோடு ரெய்னி ஆஸ்பத்திரி ஆனது. எம்டன் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டதும் அதே வருஷம்தான். எம்டனை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம்!

1888இல் இந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும்? வண்ணாரப்பேட்டை, கம்பெனிக்காரன் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களால் பெயர் பெற்ற ஊர். ராயபுரம் ரயில் நிலையம் 1856இலேயே வந்துவிட்டது. கரையோரம் மீனவர்களும் படகோட்டிகளும். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்கும். அந்தப் படகோட்டிகள் தங்கள் உழைப்புப் பணத்தில் எழுப்பியதுதான் ராயப்பர் கோயில். 1829இல் கட்டியது. ராயப்பர் என்றால் புனித பேதுரு. ராயபுரம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். ஆகவே வெள்ளைக்காரர் வந்துதான் இங்கே கோயில் மணி அடித்தது என்று நினைக்க வேண்டாம். (அந்தக் கோயில் யாருக்குச் சொந்தம் என்ற சச்சரவு நெடுங்காலம் நடந்தது. அது தனிப் பதிவுக்கு உரிய கதை.)

தர்மமும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தபோது ஊர்கள் எரிந்தன, விளைச்சல் போனது, ஜனங்கள் பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் 1782இல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அதற்குப் பக்கத்தில் வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வயதானவர்கள் வாயில் அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் கொடுத்த கொடை. திருவொற்றியூர்க் கோயிலுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த வள்ளலார், 1867இல் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டினார். பசித்தவனுக்குச் சோறு போட வேண்டும் என்று யாரும் கப்பல் ஏறி வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்படியென்றால் மிஷன் டாக்டரம்மா கொண்டுவந்தது என்ன? நான் யோசித்து யோசித்து வந்து நிற்பது ஒரு சின்ன விஷயத்தில். தொட்டுப் பார்த்தது.

அந்தக் காலத்து வீட்டுப் பெண்களை ஆண் டாக்டர் தொட முடியாது. கோஷா முறை இருந்த வீடுகளில் பார்க்கவே முடியாது. நோயை வாசலில் நின்று கணவன் சொல்லுவான், மருந்து வாசலோடு வரும். பிரசவத்துக்கு மருத்துவச்சி வருவாள். கைதேர்ந்தவள்தான். ஆனால் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டால், உதிரப்போக்கு நிற்காவிட்டால், அவளும் என்ன செய்வாள்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடம்பைத் தொட்டு, ரத்தத்தைத் துடைத்து வேலை செய்ததாலேயே அவளை நம் சமூகம் தாழ்ந்தவள் என்று வைத்திருந்தது. நம்மைப் பிழைக்க வைத்தவள் கையை நாமே தீட்டு என்றோம்.

வேலூர் ஐடா ஸ்கடரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர். "அவர் வேண்டாம், பெண்தான் வர வேண்டும்" என்றார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். மதராஸ் மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்படிச் சேர்ந்த மேரி ஷார்லீப் 1885இல் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்று திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி அது. அதன் பழைய பெயரைப் பாருங்கள்: 'சாதி மற்றும் கோஷா பெண்களுக்கான' ஆஸ்பத்திரி! பெண்கள் வர வேண்டுமானால் சாதியைப் பெயர்ப் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டியிருந்த காலம்.

அப்படிப்பட்ட காலத்தில் லண்டனில் மருத்துவம் படித்த ஒரு பெண், மருத்துவச்சி செய்து தாழ்ந்துபோன அதே வேலையை ராயபுரத்தில் உட்கார்ந்து செய்தார். படித்தவர், துரைசானி, ஊரே மரியாதை கொடுக்கும் ஆள், சளியையும் சீழையும் கையால் தொடுகிறார். இந்தக் காட்சி செய்த வேலையைப் பிரசங்கம் செய்திருக்காது என்பது என் கருத்து.

பிரசங்கமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மருந்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அந்தக் கால மிஷன் மருந்தகங்களில் வழக்கம். வீடு வீடாகப் போக வேதாகமப் பெண்கள் இருந்தார்கள். மதம் மாற்றத்தானே மருந்து கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அனுப்பிய சபைக்கு அந்த எண்ணம் இருந்தது உண்மை. அவர்கள் அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனால் நம் பாட்டிமார்களைக் குறைத்து எடைபோடக் கூடாது. வாசித்ததைக் கேட்டார்கள், புட்டியில் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், வீட்டுக்குப் போய் வழக்கம்போல் மாடத்தில் விளக்கேற்றினார்கள். மருந்துக்கு வந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஞானஸ்நானத்துக்கு வந்த கூட்டம் மிகச் சிறியது. இது தெரிந்த பிறகும் மருந்தகத்தை மூடவில்லை. அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

மக்ஃபெயில் அம்மையார் ஏறக்குறைய 40 ஆண்டுகள் இங்கே இருந்தார். நடுவில் முதல் உலகப்போர் வந்தபோது, ஸ்காட்லாந்துப் பெண்கள் நடத்திய போர்க்கள மருத்துவமனைகளுக்குப் போய் வேலை செய்தார். கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தார்கள். 1946இல் காலமானார். அடுத்த ஆண்டு தென்னிந்தியத் திருச்சபை உருவானது, ரெய்னி அதன் கைக்கு வந்தது. பழைய வண்ணாரப்பேட்டை ஜி.ஏ. ரோட்டில் இன்றும் நடக்கிறது.

இதே வரிசையில் இன்னொருவரையும் சொல்லாமல் விடக் கூடாது. இத்தாலியிலிருந்து வந்த சலேசியக் குருவானவர் மாந்தோவானி. வியாசர்பாடிக் குடிசைகளுக்கு நடுவில் 'பியாட்டிட்யூட்ஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். பசித்தவர்களுக்குச் சோறு, ஆதரவற்ற முதியவர்களுக்கு இடம், தொழுநோயாளிகளுக்கு மருந்து. தொழுநோயாளி பக்கத்தில் வந்தால் ஜனங்கள் ஒதுங்கிப் போன காலம் அது. புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் செய்ய ஆள் இருக்காது. அவர் 1967இல் இறந்தார்.

டாக்டர் பெயர் தெரிகிறது, குருவானவர் பெயர் தெரிகிறது. இவர்களோடு நின்றவர்கள்? நர்ஸ் வேலையைத் தீட்டு வேலை என்று மற்ற வீடுகள் ஒதுக்கிய நாட்களில் அதற்குப் போனவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள்தான். நம் தமிழ்ப் பெண்கள். பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள், சிலர் சின்ன வயதில் கணவனை இழந்தவர்கள். இரவு முழுக்க விழித்திருந்து, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டித் தாய் கையில் கொடுத்தது அவர்கள். கூடவே பாத்திரம் கழுவிய, துணி அலசிய ஆயாக்கள். அந்த ஆயாக்களின் உழைப்பைப் பற்றி யாரும் ஒரு பக்கம்கூட எழுதிவைத்ததை நான் பார்த்ததில்லை. பதக்கம் வாங்கியவர்களைப் பற்றிப் படிக்கப் புத்தகங்கள் உண்டு. இவர்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் வீடுகளில்தான் விசாரிக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா, பாட்டி, அத்தை யாராவது 1980க்கு முன்னால் ரெய்னியிலோ ஆர்.எஸ்.ஆர்.எம்.மிலோ பியாட்டிட்யூட்ஸ் இல்லத்திலோ நர்ஸாகவோ ஆயாவாகவோ இருந்திருந்தால், அவர் எந்த ஊர், எத்தனை வருஷம் வேலை பார்த்தார், எந்த வார்டு என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். பழைய புகைப்படம், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ் எதுவாக இருந்தாலும் சரி. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை நாலு பக்கம் ஆகியிருக்கிறது.